ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி

போன ஆடி மாதத்தில் ஒரு நாள், இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி ஆலையின் நீராவிக் குழாய்க்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். எழுபத்து மூன்று வயதில் எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. அடுத்த நிமிடமே அங்கிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆலை என் நண்பருடையது. நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். வருடத்துக்கு ஒரு முறை பாய்லரை அணைத்துவிட்டு, அரசு ஆய்வாளர் வருவதற்கு முன்னால் குழாய்களின் கனத்தை அளந்து வைப்பது அங்கே வழக்கம். அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டில் சும்மா இருக்கிற ஆள்தானே என்பது ஒரு காரணம். என் பழைய வேலை இன்னொரு காரணம்.

அணுமின் நிலையங்களைக் கண்காணிக்கிற அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தேன். என் பிரிவு துரு. குழாய்களும் தொட்டிகளும் துருப்பிடிக்காமல் இருக்க நிலையத்துக்காரர்கள் என்ன செய்கிறார்கள், அது போதுமா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. நாங்கள் கையெழுத்துப் போடாமல் அவர்கள் உலையைத் திரும்ப ஓட்ட முடியாது.

பாயின் ஆலைக்கு அளவெடுக்க வந்தவர் நடுவயதுக்காரர், நல்ல பேச்சுக்காரர். நீராவிக் குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் தகரம். தகரத்தில் அங்கங்கே சதுரமாக வெட்டி மூடி போட்டிருந்தார்கள். அதற்கு ஜன்னல் என்று பெயர். அவர் மூடியைத் திறப்பார், பஞ்சை விலக்குவார், கம்பிப் பிரஷால் தேய்ப்பார், பசை தடவிக் கருவியை வைப்பார். இரும்பின் கனம் எண்ணாகத் தெரியும். குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு மட்டும் சிவப்புப் பெயிண்ட் அடித்து மூடுவார். எல்லா ஜன்னலிலும் போன வருடத்து எண்ணே வந்தது.

"வருசா வருசம் இதே நம்பர்தான் ஐயா. பாய் வீட்டு இரும்பு, சோடை போகுமா?" என்றார்.

கூரையில் ஓட்டை இருந்தது. அதற்கு நேர் கீழே தகரத்தில் பழுப்பாக நீர் வழிந்த தடம். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகச் சொன்னது, ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளித் தகரத்தைப் பிரிக்கச் சொல்லி.

அவர் பாயைப் பார்த்தார். "ஐயாவுக்கு வெயில் ஏறிருச்சு போல."

பாய் சிரித்துக்கொண்டே, தகரத்துக்கு நான் பொறுப்பு, பிரி என்றார்.

பஞ்சு பிழிகிற ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அதை விலக்கியதும் இரும்பு அப்பளம் மாதிரி ஏடு ஏடாகக் கழன்று விழுந்தது. மிஞ்சியதைத் தேய்த்துக் கருவியை வைத்தார். ஜன்னலில் வந்த எண்ணில் பாதிகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். தன் பையிலிருந்த சோதனைக் கட்டையில் கருவியை வைத்துச் சரிபார்த்துவிட்டு மூன்றாம் முறையும் வைத்தார். கருவியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

"பத்து வருசமா நான் பெயிண்ட் அடிச்ச எடத்தையே நான் அளந்துக்கிட்டு இருந்திருக்கேன்."

எனக்குக் கைதட்டத் தோன்றியது அப்போதுதான். நான் சொன்னது சரியாகிவிட்டதே என்ற குதூகலம். ஓடிவிடத் தோன்றியதும் அப்போதுதான். ஏனென்றால் நான் சொன்னது என்னுடையதில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்னால் வேறொருவர் என்னிடம் சொன்னது.

ஒரு கடற்கரை நிலையத்தில் வருடாந்திரப் பராமரிப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையையும் மின்பெட்டிகள் இருக்கும் அறைகளையும் குளிர்விக்கிற நீர் ஒரு குழாயில் போகும். அந்தக் குழாய் போய்விட்டால் அறைகள் சூடேறும். உலையை அடக்கி வைக்கிற கருவிகளை நம்ப முடியாமல் போகும். அதற்கும் பஞ்சு, தகரம், ஜன்னல்கள் உண்டு. உப்புக்காற்று வேறு. என் பிரிவுக்கு வந்து இரண்டே வருடமான ஒரு பெண் பொறியாளர் அறிக்கையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்து பெயிண்ட் அடிக்கும் இடங்களிலேயே அளக்கிறோம், வேறு இடங்களைத் திறந்து அளக்க வேண்டும்.'

திறந்தால் சாரம் கட்ட வேண்டும், உலை ஓடுவது தள்ளிப்போகும் என்று நிலையத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். நான் செய்தது அவர்களுக்குப் பயந்து அல்ல. அந்த ஜன்னல்களின் இடத்தை ஆரம்பத்தில் தேர்ந்தெடுத்தவனே நான். ஏணி இல்லாமல் எட்டுகிற இடங்களாகப் பார்த்து வரைபடத்தில் புள்ளி வைத்தேன். நேரம் மிச்சம் என்று மேலதிகாரிகள் பாராட்டினார்கள். அந்தப் புள்ளிகளை நேற்று வந்தவர் தப்பு என்கிறாரே என்ற கோபம்தான் எனக்கு. அவர் சொன்னது சரி என்பது முதல் வாசிப்பிலேயே புரிந்துவிட்டது. புரிந்தேதான் செய்தேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "பரீட்சைப் பேப்பர் எழுதுற மாதிரி எழுதாதம்மா" என்று சொல்லிச் சிவப்புப் பேனாவால் அந்த வரியை அடித்தேன். திருப்திகரம் என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே அவரைக் கோப்பு அறைக்கு மாற்றச் சொல்லி எழுதினேன்.

இப்போது அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அதே நிலையம் பராமரிப்புக்காக நின்றிருப்பதாகவும், சில நாளில் ஓடும் என்றும் அந்த வாரம்தான் செய்தித்தாளில் படித்திருந்தேன்.

பாயின் அலுவலக அறைக்குப் போய், பழைய நண்பர் ஒருவரிடம் எண் வாங்கி அந்தப் பொறியாளரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு அவரே கூப்பிட்டார். குழாயில் பார்த்ததை மூச்சு வாங்கச் சொன்னேன்.

"சார், ரெண்டு வாரமா நானும் தகரத்தப் பிரிங்கன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கேன். நிலையத்துக்காரங்க உங்க பழைய ரிப்போர்ட்ட எடுத்து நீட்டுறாங்க. துருவில உங்கள மிஞ்சின ஆள் இல்லன்னு எங்க மேலிடமும் நம்புது. நாலு மணிக்கு, உலைய ஓட்டலாமான்னு முடிவு பண்ற கடைசிக் கூட்டம்."

என் கையெழுத்துதான் அவர் வழியை மறித்துக்கொண்டிருந்தது. நான் வாயால் சொன்னால் போதுமா என்று கேட்டேன். போதாது, எழுத்தில் வேண்டும் என்றார். அப்போதுதான் என் வீட்டுப் பீரோவில் இருக்கிற அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கையால் எழுதிய வரைவு, என் சிவப்புக் கோட்டோடு.

"அத நீங்க அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்," என்றார்.

மனசாட்சிக்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாத பழக்கம், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போக பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று பாய் ஸ்கூட்டரை எடுத்தார். அந்த வயதில் அவர் அப்படி ஓட்டுவார் என்று நான் நினைத்ததில்லை. ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு ரயில் நகர்வதாகவே தெரியவில்லை. பெட்டிகளை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். கேட் திறந்ததும் பாய் லாரிகளுக்கு நடுவில் புகுந்தார். வழியில் வன்னியம்பட்டிக்குப் பிரிகிற விலக்கில் மணி மூன்று. என் வேட்டி நுனி சக்கரத்தில் சிக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாயின் சட்டையைப் பிடித்திருந்தேன். பயத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. வேலையில் இருந்த காலத்தில்கூட என் நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

ஊருக்குள் ஆடிப்பூரத் தேர் ஓடி முடிந்தும் ரதவீதியில் கடைகள் போகவில்லை. வளையல் கடைக்கும் பலூன்காரருக்கும் நடுவில் ஸ்கூட்டர் நுழையாது. இறங்கி ஓடினேன். ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பீரோவில் அந்தப் பக்கம் இருந்தது. அதற்குக் கீழே நானும் எழுதினேன். அளவிடும் இடங்களை என் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தேன். இந்த எச்சரிக்கை சரி என்று தெரிந்தே அடித்தேன். என் அறிக்கையை நம்பி உலையை ஓட்ட வேண்டாம். கையெழுத்து, தேதி.

தெருமுனையில் இருந்த கம்ப்யூட்டர் சென்டர் பெண் அதை ஸ்கேன் செய்ய வாங்கி, "பென்சன் மனுவா தாத்தா?" என்று கேட்டாள். என் பென்சனுக்கே வேட்டு வைக்கலாம் தாயி, சீக்கிரம் அனுப்பு என்றேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு நாலு நாள் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் நினைவில் இல்லை. போனைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. குழாய் நன்றாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு மனது. இருந்தால் இவ்வளவு நாள் ஒன்றும் கெடவில்லை என்று என்னை நானே மன்னித்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொன்னது சரியாக வேண்டும் என்று இன்னொரு மனது துடித்தது.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார். மூன்று இடத்தில் பிரித்தார்கள். இரண்டு இடம் நல்ல இரும்பு. மூன்றாவது இடத்தில், குழாயைத் தாங்குகிற பிடிக்கு அருகே, அனுமதித்த கனத்துக்குக் கீழே போயிருந்தது. அந்தத் துண்டை மாற்றாமல் உலை ஓடாது. எல்லா ஜன்னல்களுக்கும் புதிய இடம் குறிக்க உத்தரவு போட்டாயிற்று.

நான் துள்ளி எழுந்துவிட்டேன். பிறகு பதினான்கு வருடத்தை எண்ணிப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தனை நாளும் ஆட்கள் அந்த அறைகளில் வேலை பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதில் என் பங்கு எதுவும் இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். அவர், புது அறிக்கையில் பழைய வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, என் கடிதத்தின் மேல் விசாரணை இருக்கிறது, நேரில் வர வேண்டும், அந்த மூலப் பக்கம் கையில் இருக்க வேண்டும் என்றார்.

"வருவீங்களா சார்?"

"வாரேன்."

டிக்கெட் எடுத்துத் தந்தது பாய்தான். நான் சட்டைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவதைப் பார்த்துவிட்டு, "விசாரணைக்குப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா?" என்று கேட்டார். அவர் ஆலையில் தகரம் முழுவதும் பிரிந்து கிடக்கிறது, வேலை இன்னும் முடியவில்லை. பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் மேலேயே வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடு கொஞ்சமும் வெளுக்கவில்லை. அதற்குக் கீழே இருக்கிற அவர் எழுத்தும் தெளிவாகவே தெரிகிறது.