அணைக்காத கற்பூரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகள்தான் வீடு. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாருக்கும் ஒரே காற்று, ஒரே புகை. நான் இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால், அந்தப் பக்கத்திலிருந்து "என்ன புள்ள, வயித்து வலியா?" என்று பக்கத்துக் காம்பரா அக்கா கேட்பாள். ரகசியம் பேச வேண்டுமென்றால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத்தான் போக வேண்டும். மலைத் தண்ணீர் கொட்டும் அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். ஆனால் கேட்டவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று என்ன நிச்சயம்? என் புத்தி அப்படித்தான் போகும். சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கங்காணி சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அதிகமாக யோசிப்பேன்.

இப்படிப்பட்ட நான் கிறிஸ்தவ வேதத்தில் சேரப் போகிறேன் என்றதும் லயமே என்னைச் சந்தேகப்பட்டது. அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அது முப்பதுகளின் தொடக்கம். இலங்கைத் தேயிலைக்கு விலை விழுந்து, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் நிற்கும்போது, இன்றைக்கு யாருக்குப் பத்துச்சீட்டு என்று கங்காணியின் கையையே பார்ப்போம். அந்தச் சீட்டு கைக்கு வந்தால் வேலை போச்சு, காம்பரா போச்சு, கப்பலேற வேண்டியதுதான். நான் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். காது மந்தமான அப்பாவும் நானும்தான் ஒரு காம்பராவில் இருந்தோம். அப்பாவுக்கு இந்தியாவில் போய் இறங்க ஒரு வாசல் கிடையாது. சுவாமியார் சொன்னால் தோட்டத்துத் தொரை கேட்பார், அதற்காகத்தான் இவள் சிலுவையைப் பிடித்துக்கொள்கிறாள் என்று சுவருக்கு மேலே பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்க வேண்டும் என்றே பேசினார்கள்.

உண்மையான காரணத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கும்போது என் நிரைக்குப் பக்கத்து நிரையில் ஒரு வேதக்காரப் பெண் இருந்தாள். பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு, அதில் சொன்னதைச் சுவாமியார் உயிரே போனாலும் வெளியில் விட மாட்டார் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குக் கை நின்றுவிட்டது. சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே நிற்கும் ஓர் இடம் இந்த மலையில் இருக்கிறதா? அப்பாவிடம் சொல்லலாம் என்றால் ரகசியத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டும் போலிருந்தது. பெரிய பாவம் ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்கள்தான், ஆனால் நிறைய.

ஞாயிறுதோறும் பக்கத்துத் தோட்டத்துத் தகரக் கூரை வேதக் கோவிலுக்கு நடந்தேன். அங்கே வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் திருச்சிப் பக்கத்து மனிதர். கேள்வியும் பதிலுமாக அவர் சொல்ல, நாங்கள் நாலைந்து பேர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜெப மந்திரங்கள் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டன. அதுவே அவருக்கு உறுத்தியது.

"வேதக்காரப் பையன் யாரையாச்சும் கட்டிக்கப் போறியா?" என்று முதல் மாதமே கேட்டார்.

"இல்லீங்க."

"அப்ப எதுக்கு வர்ற?"

"சேரத்தாங்க."

அவர் நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. ஆள் சேர்ப்பதில் இவருக்கு என்ன லாபம் என்று எனக்குள் ஓடிக்கொண்டேயிருந்தது. ஆனாலும் போனேன். ஒருநாள் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றிக் கேட்டபோது, ஞானஸ்நானத்தோடு பழைய பாவமெல்லாம் போய்விடும், அதனால் உனக்கு அன்றைக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்றார். நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகிவிட்டதே என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. படிக்கிற காலத்திலிருந்தே திருநீறு பூசக் கூடாது, தீபத் தட்டைத் தொட்டுக் கும்பிடக் கூடாது, கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணவே கூடாது. சரி, நான் எதற்குச் சத்தியம் பண்ணப் போகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே பக்கத்துக் காம்பரா அக்காவின் தோடு காணாமல் போனது. அவளுடைய அம்மா ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தோடு. அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தாளாம். அரிசிப் பானைதான் அந்த லயத்தில் எல்லாருக்கும் பெட்டகம். அது எல்லாருக்கும் தெரியும் என்பதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுவார்கள். அக்கா மண்ணை வாரித் தூற்றி அழுதாள். தோட்டை எங்கேயோ வைத்து மறந்துவிட்டு ஊரைக் கூட்டுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கங்காணி லயத்தையே மாரியம்மன் கோவில் முன்னால் நிறுத்தினார். எடுக்கவில்லை என்பவர்கள் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யாக அணைத்தால் அம்மன் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொருவராக வந்தார்கள். "நான் எடுத்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று சொல்லிப் பட்டென்று அடித்தார்கள். அப்பாவும் அணைத்தார். என்ன சத்தியம் என்று அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

என் முறை வந்தது. புதுக் கற்பூரம் ஏற்றினார்கள். கை எழவில்லை.

"நான் அணைக்க மாட்டேங்க. வாயால சொல்றேன், நான் எடுக்கல."

"வாயால சொல்றதுக்கு எதுக்குக் கோயிலு?" என்றார் கங்காணி.

கற்பூரம் தானாக எரிந்து முடிந்து கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் நின்றது. அம்மனுக்குப் பயந்தாயா, சர்வேசுரனுக்குப் பயந்தாயா என்று கேட்டால், இரண்டு பேருக்கும்தான். ஒருவரிடம் கொடுத்த வாக்கை இன்னொருவர் முன்னால் உடைத்தால் இரண்டு பேருமே என்னை நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது. மறுநாள் பீலியில் என் குடம் பக்கத்தில் வந்ததும் அக்கா தன் குடத்தைத் தூக்கித் தள்ளி வைத்தாள்.

உபதேசியாராவது மெச்சுவார் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எடுக்கலியே?"

"இல்லீங்க."

"கள்ளம் பண்ணிட்டு ஒளிஞ்சிக்கிறதுக்குக் கோவில் எடமில்ல, பாத்துக்க. சுவாமிகிட்ட சொல்லி வைக்கிறேன்."

வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். லயத்தில் நான் திருடி, ஏனென்றால் வேதத்துக்குப் போகிறேன். வேதத்தில் நான் திருடி, ஏனென்றால் லயத்திலிருந்து வந்திருக்கிறேன்.

தலவாக்கலையில் ரயில் இறங்கி மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்காரச் சுவாமியார் எங்களைப் பரீட்சை பார்த்தார். மந்திரம் கேட்டார். கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளைக் கேட்டார். பிறகு, "நீ அந்த நகையை எடுத்தாயா?" என்றார்.

"இல்ல சுவாமி."

"நல்லது" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். என் 'இல்லை'யை ஒரே தடவையில் வாங்கிக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். அதனாலேயே அவர்மேலும் ஒரு சந்தேகம் வந்தது. தமிழ் சரியாகப் புரியவில்லையோ என்னவோ.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு ராத்திரி சுவருக்கு மேலே பேச்சுக் கேட்டது. ஞானஸ்நானத்தில் கையில் எரிகிற மெழுகுவர்த்தி கொடுப்பார்களாம். அதுதான் வேதக்காரர்களின் கற்பூரம் என்று லயம் முடிவு கட்டிவிட்டது. அங்கே போய் அணைக்கிறாளா பார்ப்போம், அணைத்தால் சரி, இல்லையென்றால் அப்பனுக்கும் மகளுக்கும் பத்துச்சீட்டு என்று கங்காணி சொல்லிவிட்டாராம். நான் மறுநாளே அக்காவை வழிமறித்தேன்.

"அது அணைக்கிற நெருப்பு இல்லக்கா. அணையாம வச்சிக்கணும்னு சொல்லிக் குடுக்கிறது."

"நெருப்புல என்ன ரெண்டு சாதி?" என்று கேட்டுவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஞானஸ்நானத்துக்குக் குறித்த ஞாயிறு அவளும் லயத்துப் பெண்கள் நாலு பேரும் கோவில் வாசலில் வந்து நின்றார்கள். சுவாமியார் நாக்கில் உப்பு வைத்தார். பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்டார், விட்டுவிடுகிறேன் என்றேன். தலையில் தண்ணீர் ஊற்றினார். மலைத் தண்ணீர், முதுகெலும்பு வரை குளிர்ந்தது. வெள்ளைத் துணி போட்டார்கள். கடைசியில் மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, இதை அணையாமல் காத்துக்கொள் என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். ஐந்து பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அடி போதும். உள்ளங்கையால் பட்டென்று ஓர் அடி, அப்பாவுக்குக் காம்பரா மிஞ்சும், என் பெயர் மிஞ்சும். காற்றில் அணைந்தது என்று சுவாமியாரிடம் சொல்லிக்கொள்ளலாம். காற்றும் தோதாக வாசல் வழியே வந்தது. சுடர் படுத்தது. என் இடது கை தானாக எழுந்தது. அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நான் அந்தக் கையைச் சுடருக்கு மறைப்பாக வைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது, அப்படியே சொல்கிறேன், கால் நடுங்கியது. மெழுகு உருகி விரலில் விழுந்து சுட்டது. சுடர் நிமிர்ந்தது. மறுபடி பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

வீட்டுக்கு வந்து, நான் அணைக்கவில்லை, இனி நமக்குப் பத்துச்சீட்டுதான் என்று அப்பாவின் காதில் கத்தினேன். அவர் கம்பளியை மடித்து வைக்க ஆரம்பித்தார். அந்தக் கத்தல் லயம் முழுக்கக் கேட்டிருக்கும்.

விடிந்ததும் பீலிக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். என் குடத்தைப் பார்த்ததும் தன் குடத்தை எடுத்தாள், தள்ளி வைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் குடத்தைத் தண்ணீருக்கு நேரே இழுத்து வைத்தாள்.

"கங்காணிகிட்ட சொல்லிட்டேன், தோட்டுப் பேச்சயும் சீட்டுப் பேச்சயும் விட்டுருங்கன்னு. சரின்னுட்டாரு."

"ஏன்க்கா? நான் அணைக்கலியே."

அவள் என் காதுக்கு நெருங்கி வந்தாள். "அன்னைக்கு அத்தன பேரும் அணைச்சாங்க. ஒருத்திக்கும் கை நடுங்கல. ஆனா தோடு போயிருக்கே புள்ள, அப்ப யாரோ ஒருத்தி அம்மன் மூஞ்சிக்கு நேரா பொய்யா அணைச்சிருக்கா. நேத்து ஒன் கால் நடுங்குனத நான் பாத்தேன். இவ்வளவு பயந்தவ எடுத்திருக்க மாட்டா."

குடம் நிரம்பி வழிந்தது. இவள் மனதாரச் சொல்கிறாளா, இதிலும் ஏதாவது சூது இருக்கிறதா என்று என் புத்தி வழக்கம்போலக் கிளம்பியது. அவள் விடவில்லை. தன் தோட்டை எடுத்தவள் என்று தான் யாரை நினைக்கிறாளோ, அவள் பெயரை என் காதில் சொன்னாள்.

"யாருகிட்டயும் சொல்லிறாத. நாளைக்கும் அவ கூடத்தான் கொழுந்தெடுக்கணும்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கிறேன். என் வயிற்றெரிச்சல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரை மட்டும் சுவாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.