ரசிகர் மன்ற விழாவில் நான் ராஜாவாக நின்றது

எனக்குக் கோர்வையாக எழுத வராது, படிப்பு ஐந்தாவதோடு சரி. ஞாபகமும் தவறுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் தாம்பரத்தில் எங்கள் அபிமான நடிகரின் ரசிகர் மன்றத்தார் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். அவருடைய ராஜா வேடத்தில், அட்டைக் கிரீடமும் ஒட்டுமீசையுமாக நான் மேடையேறினேன். பெண்பிள்ளை என்று தெரிந்தால் சிரிப்பார்களே என்று மீசையை அழுத்தி விட்டுக்கொண்டேன்.

சினிமாக் கொட்டகையில் அவர் திரையில் வந்ததும் காட்டுவதுபோல, முன்வரிசைக்காரர் ஒருவர் எனக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டார்.

"யோவ், அது டெய்லர் பொண்ணுய்யா!" என்று பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்தார்.

"தெரியும்யா. இன்னிக்குத் தலைவரு அங்கதான் கீறாரு. கும்புடு!"

கூட்டமே கும்பிட்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுடர் அணையும்வரை தலைவரைப்போலவே இடுப்பில் கைவைத்து அசையாமல் நின்றேன்.

கிடைத்தது முதல் பரிசா, இரண்டாவதா? அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.