மெதுவாகச் சாப்பிடுகிறவர்களின் சஹன்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீட்டில் றலியா சமைக்கும் பகல் சாப்பாட்டுக்குக் காலி வீதி அலுவலகங்களில் நல்ல பெயர் இருந்தது. கோழிக் கறியும் பருப்பும் கத்தரிக்காய் மோஜுவும் வைத்து அவர் கட்டும் பார்சல்கள் பம்பலப்பிட்டி வரை போயின. அவருடைய கணவர் மர்ஸூக் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். விடியற்காலையில் தேங்காய் துருவிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்.

நாற்பத்திரண்டு வயதில் றலியாவால் இடையில் நின்று மூச்சு வாங்காமல் படியேற முடியவில்லை. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடத் தொடங்கியாயிற்று. முழங்கால்கள் உடம்பின் பாரத்தைத் தாங்க மறுத்தன. இரைப்பையைச் சிறிதாக்கும் ஒபரேஷன் செய்யலாம் என்று 2018இல் ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னபோது, பயந்தவர் மர்ஸூக்தான். றலியாவுக்குக் கத்தி பயமாயிருக்கவில்லை. அதற்கு முன்னால் பல மாதம் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றிக் காட்ட வேண்டும் என்று சொன்னதுதான் பயமாயிருந்தது.

கிளினிக்கில் உணவு ஆலோசகராக இருந்தவர் கிருலப்பனையைச் சேர்ந்த அன்னபாக்கியம். சின்னப் பிளேட், நன்றாக மென்று விழுங்குவது, சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமலிருப்பது என்று அவர் சொன்னதற்கெல்லாம் றலியா தலையாட்டினார். பிறகு கிளினிக்குக்கே போகவில்லை. அன்னபாக்கியம் தானே போன் எடுத்தார்.

“ஏன் வரேல்லை? உடம்பு சரியில்லையோ?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல மிஸ். எனக்கு இது ஏலாது போல.”

“எது ஏலாது, ஒபரேஷனோ?”

“இல்ல மிஸ். திங்கிற விஷயம்தான்.”

“அப்ப அதைப் பற்றி மட்டும் கதைப்பம். ஒருக்கா வாங்கோ.”

போனார். அன்றைக்கு, மர்ஸூக்குக்கும் சொல்லாத ஒன்றை றலியா சொன்னார். ஆட்களுக்கு முன்னால் அவர் கொஞ்சம்தான் சாப்பிடுவார். பார்சல்கள் எல்லாம் போய், வீடு ஓய்ந்த பிறகு, அடுப்படியில் நின்றபடியே பானையின் அடியில் கிடக்கும் சோற்றில் கறியைப் பிசைந்து, பானை காலியாகும்வரை சாப்பிடுவார். பசிக்கிறதா என்று பார்ப்பதில்லை.

“எனக்கெண்டு ஈக்கிற நேரம் அதுதான் மிஸ். அதையும் எடுத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?”

“அந்த நேரத்தை நான் எடுக்கேல்லை, அது உங்கட நேரம்தான்” என்றார் அன்னபாக்கியம். “நிண்டுகொண்டு சாப்பிடாமல், பிளேட்டில போட்டு, கதிரையில இருந்து சாப்பிட்டுப் பாருங்கோ. இந்த மாசம் வேற ஒண்டும் வேண்டாம்.”

றலியா ஒரு கதிரையைப் பல்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். முதல் நாட்களில் பிளேட் காலியானதும் அழுகை வந்தது. ஒருநாள் தாங்க முடியாமல் பானைக்கே திரும்பிப் போனார். அதைக் கிளினிக்கில் ஒளிக்காமல் சொன்னபோது அன்னபாக்கியம் ஏசவில்லை. “சொன்னது நல்லம். நாளைக்குத் திரும்பக் கதிரையில இருங்கோ.” நாள் போகப் போக, கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்காகவே அந்தக் கதிரைக்குப் போகத் தொடங்கினார்.

அப்போதுதான் மர்ஸூக்கின் தங்கை பைறோஸாவின் மகளுக்குக் கொட்டாஞ்சேனையில் கலியாணம் வந்தது. கலியாணச் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து புரியாணி சாப்பிட வேண்டும். ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களும் வெட்கப்பட்டு எழும்பிவிடுவார்கள். தன்னால் ஐந்து பேர் அரை வயிற்றோடு எழும்புவார்களே என்று றலியாவுக்குத் தூக்கம் வரவில்லை.

“மச்சி, நான் கலியாணத்துக்கு வாறேன். சாப்பாட்டுக்கு முந்திப் போயிருவேன், கோவிக்காதீங்க” என்று போனில் சொன்னார். பைறோஸா விடவில்லை. கடைசியில் ஒபரேஷன் கதையையும் பயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“நீங்க சாப்பிட்டுத்தான் போவீங்க” என்றார் பைறோஸா. “எந்த சஹன்ல எண்டு நான் பாத்துக்கொள்றேன்.”

கலியாண மண்டபத்தில் றலியாவை அவர் ஒரு மூலை மேசைக்குக் கூட்டிப்போனார். அங்கே, புதிதாகப் பல்செற் கட்டிய ஒரு வயதான சாச்சி, மடியில் கைக்குழந்தையோடு ஒரு தாய், சோற்றில் கிடந்த உலர்திராட்சைப் பிளம்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்கும் ஒரு பிள்ளை, கையில் கட்டுப்போட்டுக் கரண்டியோடு போராடும் ஒரு ரீச்சர். ஆறாவது ஆளாக, மணமகளின் தாயான பைறோஸாவே அமர்ந்தார். வருகிறவர்களுக்கு ஸலாம் சொல்ல அடிக்கடி எழும்பி எழும்பி இருந்தார். பக்கத்துச் சஹன்களில் கடைசி இனிப்பான வட்டிலப்பமும் முடிந்துவிட்டது. இவர்களுடையதில் பாதி அப்படியே இருந்தது. றலியா கோழித் துண்டைச் சிறிதாகப் பிய்த்து மென்றார், கொஞ்சம் சோறு எடுத்தார், நிறுத்தினார். ஒருவரும் கவனிக்கவில்லை.

சாச்சி தண்ணீர் குடித்துவிட்டு, “இண்டைக்குத்தான் நான் ஆறுதலா திண்ட” என்றார். “மத்தக் கலியாணத்துல எல்லாம் நான் ஒரு துண்டு மெல்லுறத்துக்குள்ள சஹன் காலியாகிரும்.”

றலியா சிரித்தார். மேசைக்குக் கீழே பைறோஸாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒபரேஷனுக்கு முந்திய வாரங்களில் றலியாவுக்கு நீராகாரம் மட்டும். பஸ் ஏறுமுன் சமையலை ருசி பார்க்கும் வேலை மர்ஸூக்கிடம் போனது. எதைக் கொடுத்தாலும் “நல்லா ஈக்கி” என்பார். ஒருநாள் பருப்பில் உப்பே இல்லாமல் பார்சல்கள் போய், ஒரு பேங்கிலிருந்து போன் வந்தது. அதற்குப் பிறகு கண்ணை மூடி, நாக்கில் வைத்து, யோசித்துச் சொல்லப் பழகினார்.

ஒபரேஷன் நல்லபடி முடிந்தது. பிறகு முடி கொட்டியது. ஒருமுறை அவசரப்பட்டு இடியப்பம் விழுங்கி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் சீனி ஊசி நின்றது. முழங்கால் மடக்கி, தரையில் நெற்றியை வைத்துத் தொழ முடிந்தபோது, தலையைத் தூக்க மனமில்லாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார்.

அன்னபாக்கியத்துக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் வந்தபோது, றலியா பொரித்த மீனும் சம்பலும் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். பார்சலைக் கையில் கொடுத்தார்.

“ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பொறகு ஒங்களுக்கு அல்லாட்ட துஆ கேக்கிறேன் மிஸ்.”

“அப்ப ஒரு நாளைக்கு எத்தினை தரம்?”

“ஆறு தரம் மிஸ். கொஞ்சம் கொஞ்சமாத்தானே திங்கிறேன்.”