வாளி விழுந்த சத்தம்

மன்னாரிலிருந்து மடுவுக்குப் போன பஸ்ஸில், நரைத்த தாடிக்காரர் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். வெளியே மழை கொட்டியது. அவரோ அடிக்கடி மனைவிக்குப் போன் எடுத்து, "கிணத்துக்க வாளியை விடும், சத்தத்தைக் கேப்பம்" என்றார்.

"இவ்வளவு மழை பெய்யுதே, ஐயா?" என்றேன்.

"கீழ முழுக்கப் பாறை, தம்பி. வெடிப்புகளுக்காலதான் தண்ணி ஊறி வரோணும். அடிச்சு ஊத்துற மழை மேலாலயே ஓடிப்போயிடும். இந்த முறையும் கிணறு ஊறாட்டி ஊரை விட்டுத்தான் போகோணும்."

அவர் இறங்குமிடம் வந்தபோது மறுபடி மனைவிக்குப் போன் எடுத்து, அதை என் காதில் வைத்தார்.

"வாளி தண்ணியில விழுந்ததோ, கல்லிலயோ?" என்று கேட்டார்.

மழை இரைச்சலில் எனக்குப் பிடிபடவில்லை.

"தெரியேல்லை, ஐயா."

"எனக்கும்தான்" என்று சொல்லி, நனைந்தபடி இறங்கிப் போனார்.

மழை பெய்யும்போதெல்லாம் அந்தக் கிணறு ஊறியிருக்குமா என்று யோசிக்கிறேன்.