மணமில்லாத மூலிகைக் கிரீம்

அப்பொத்தேக்கில், அதாவது இந்த நாட்டு மருந்துக்கடையில், மருந்து கலக்கும் வேலையில் எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனால் தர்ஷினி அந்த டப்பியைக் கவுண்டரில் வைத்த காலையை மறக்க முடியாது.

"அக்கா, இதை உங்கட கடையில எடுப்பிக்க ஏலுமோ? முடியப் போகுது."

டப்பியில் சீன எழுத்து. தள்ளுவண்டியில் அவளுடைய கைக்குழந்தை, கன்னங்கள் உப்பி, தோல் பளபளவென்று இருந்தான். அவனுடைய கரப்பானுக்கு டொக்டர் எழுதிய கோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொயிட் கிரீமை, பக்கவிளைவுக்குப் பயந்து, இதே கவுண்டரில் வேண்டாமென்று விட்டுப் போனவள் அவள்.

எங்களிடம் சீன மூலிகைகளுக்கென்றே ஓர் அலுமாரி உண்டு. வைத்தியர் எழுதித் தந்தால் நிறுத்துக் கொடுப்போம். திறந்தாலே வேரும் பட்டையும் மூக்கைத் துளைக்கும். வேலையும் மெல்ல மெல்லத்தான் செய்யும். டப்பியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு மணமும் இல்லை, வெள்ளை வெளேரென்றிருந்தது.

"கரப்பான் எத்தனை நாளில மாறினது?"

"ரெண்டு மூண்டு நாளிலயே! சுத்த மூலிகை அக்கா."

"எங்கை பூசுறனீங்கள்?"

"எண்ணெய் வைக்கிற மாதிரித்தான். ஒவ்வொரு நாளும் தலையில இருந்து கால் வரைக்கும் பூசி உருவிப்போட்டுக் குளிக்க வாக்கிறனான்."

இவ்வளவு வேகமாகக் குணமாக்குவது மூலிகையாக இருக்க முடியாது. அந்தக் கன்னம் ஊட்டமல்ல, வீக்கம்.

கடைக்குப் பொறுப்பான தலைமை மருந்தாளரைக் கூப்பிட்டேன். பிள்ளையை ஒருமுறைதான் பார்த்தார். "குழந்தைகள் கிளினிக்குக்கு, இப்போதே" என்றார் ஜெர்மனில். பயந்துபோன தர்ஷினி டப்பியைக் குப்பையில் போடப் போனாள்.

"எறியாதேங்கோ! அங்கை காட்ட வேணும். சட்டெண்டு நிப்பாட்டினாலும் ஆபத்து. டொக்டர் சொல்லுறபடி செய்யுங்கோ" என்று தடுத்தேன்.

பரிசோதனையில் தெரிந்தது: மூலிகை என்ற பெயரில் உள்ளே இருந்தது கடும் கோர்ட்டிசோன். அவள் வேண்டாமென்றதைவிடப் பல மடங்கு வீரியமானது. வெளியிலிருந்து அவ்வளவு கிடைத்ததால், பிள்ளையின் உடம்பு தனக்குத் தேவையான கோர்ட்டிசோனைத் தானே சுரப்பதை நிறுத்திவிட்டது. கடும் காய்ச்சல் ஒன்று வந்திருந்தால் உயிரே போயிருக்கலாம்.

கிளினிக் எழுதிய கப்சூல்களைக் குழந்தைக்கேற்ற சின்னஞ்சிறு அளவில் நானே நிரப்பினேன். வாங்க வந்த தர்ஷினி கேட்டாள்: "இதுவும் கோர்ட்டிசோன்தானே அக்கா?"

"ஓம். உடம்பு திரும்பச் சுரக்கத் தொடங்குமட்டும் ஒரு நேர மருந்தும் விடக்கூடாது."

கவுண்டரிலேயே அழுதாள். எனக்கு அந்த டப்பியை அடைத்து விற்றவன் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பையன் இப்போது தேறி வருகிறான். கரப்பானும் திரும்ப வந்திருக்கிறது, அதைச் சமாளிக்கலாம்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது மருந்து வேண்டாமென்று திருப்பித் தந்தால் அன்று நாங்கள் செய்ததுபோலத் தலையாட்டி வாங்கி வைக்காதீர்கள். "அப்ப என்ன பூசப் போறீங்கள்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அவரைக் கடையை விட்டுப் போக விடாதீர்கள்.