தானாக உருண்ட பந்து

சேவூரில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில், மகள் தரையில் வைத்துவிட்டுப் போன ரப்பர் பந்து போன வாரம் தானாகவே உருண்டு போய்ச் சமையலறைச் சுவரில் முட்டி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஆரணியில் எங்கள் பழைய மண்சுவர் வீட்டிலும் பந்து இப்படித்தான் உருண்டது. நான் அப்போது ஆறாவது, அண்ணன் பிளஸ் ஒன். ஈரமண்ணும் தறி எண்ணெயும் சேர்ந்து வாசமடிக்கும் அந்த அறையில் எங்கே வைத்தாலும் பந்து மேற்குச் சுவருக்கே போனது.

“அப்பா, முன்னல்லாம் பந்து மெதுவா போச்சு. இப்ப ஜல்தியா போவுது. சரிவு ஜாஸ்தியாயிகினே வருது. அந்தப் பக்கம் தரை எறங்குது” என்றான் அண்ணன்.

“தறி ஓடுற அதிர்வுல உருளுதுடா” என்றார் அப்பா.

அண்ணன் பவர்லூமை நிறுத்திவிட்டு மறுபடியும் பந்தை வைத்தான். அறை அமைதியாக இருந்தது. அப்போதும் அது உருண்டது. அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிடா, நீ சொல்றதே நெஜம்னு வெச்சிக்க. இத வுட்டுட்டு எங்க போவறது?”

அன்றிலிருந்து மேற்குச் சுவரோரம் நான் படுக்கும் இடத்தில் அண்ணன் பாயைப் போட்டுக்கொண்டு, என்னை அம்மா பக்கம் அனுப்பிவிட்டான். ஐப்பசி மழையில் ஒரு விடியற்காலை அந்தச் சுவர் அவன்மேல் விழுந்தது. தூக்கும்போதே உயிர் இல்லை.

பந்து ஏன் உருளுகிறது என்று இந்தச் சேவூர் வீட்டின் சொந்தக்காரரைக் கேட்டேன். “டைல்ஸ் ஒட்டினவன் மட்டம் பாக்கலம்மா, அவ்ளோதான்” என்றார். அப்படித்தான் இருக்கும். அப்பாவிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். ஆனால் அதன்பிறகு அவர் வீட்டுக்குள் வருவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், வாசற்படியில் உட்கார்ந்தபடியே “இங்கயே குடுத்துடும்மா” என்கிறார்.