ஹெச் ஒட்டாத மைனஸ் ஆறு எக்ஸ்

மில்லர்புரத்து வீட்டில் கீழே இன்பமணியின் கணக்கு டியூஷன். மாடியில் அவள் ஓரகத்தி ஈவாஞ்சலினின் கணக்கு டியூஷன். அடுப்பு பிரிந்தும் தண்ணீர் மோட்டார் மட்டும் பொதுவாக நின்றுவிட்டது. கீழே வகுப்பு தொடங்கியதும் ஈவாஞ்சலின் மோட்டாரைப் போட்டுவிடுவாள்.

வகைக்கெழு கணக்கென்றால் மாடியில் விதியை ஒப்பித்து ஒரே வரியில் விடை வந்துவிடும். இன்பமணியிடம் எக்ஸோடு ஹெச் என்ற சிறு அளவைக் கூட்டி முதலில் விரிக்க வேண்டும், பழையதைக் கழிக்க வேண்டும், அப்புறம்தான் ஹெச்சால் வகுக்கலாம். பிள்ளைகளின் செருப்புகள் ஒவ்வொன்றாகப் படியேறிவிட்டன. மிஞ்சியிருந்த சரண்யாதேவியும் போனால் கீழே வகுப்பே இல்லை.

அவள் அப்பா தங்கதுரை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், இன்று வகுப்பை நேரில் பார்க்க வந்திருந்தார்.

இன்பமணி பலகையில் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் மூன்று எக்ஸ் என்று எழுதினாள். மோட்டார் உறுமியது. பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக விரித்தாள், கழித்தாள். ஹெச்சை வெளியே எடுக்கப் போனவள் நின்றாள். எல்லா உறுப்பிலும் ஹெச் இருந்தது. மைனஸ் ஆறு எக்ஸில் மட்டும் இல்லை.

படிக்கட்டில் ஈவாஞ்சலினின் சிரிப்புச் சத்தம். "ஏளா, கழிக்கும்போது பிராக்கெட் போட மறந்துட்டியே! டீச்சருக்கே தெரியலன்னா பிள்ள என்ன செய்யும்? பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"மறந்தேன்தான். ஹெச் ஒட்டாம நிக்கிதே, இதுதான் என் தப்பக் காட்டிக் கொடுக்கு. ஒங்க ஒத்த வரியில தப்பு வந்தா எது காட்டும்க்கா?"

"எனக்குத் தப்பு வராதுளா."

"மோட்டாரப் போட்டுட்டு வந்து நிக்கியளே, அது என்ன?"

"என் வீட்டு மோட்டாரு, நான் போடுதேன்!"

தங்கதுரை எழுந்தார். "பரீட்சையில பர்ஸ்ட் பிரின்சிபிள்ல, இப்பிடி விரிச்சுக் கழிச்சே போடுன்னு கேப்பானாம், அதுக்குத்தான் இங்கன விட்டேன். ஒங்க சண்டைக்கு நடுவுல எம்பிள்ள வேண்டாம்மா. வேற எடம் பாக்கேன். ஏளா, வா."

சரண்யாதேவி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

"போயிட்டாளா?" என்றாள் ஈவாஞ்சலின்.

"போயிட்டா. ஒங்ககிட்டயும் வர மாட்டா." அதைச் சொன்னபோது இன்பமணிக்குக் கொஞ்சம் இனித்தது.

ஆளில்லாத அறையில் விட்ட அடைப்புக்குறியைப் போட்டாள். மைனஸ் மூன்று எக்ஸ் பிளஸ் மூன்று எக்ஸோடு அடிபட்டுப் போயிற்று. மிச்சத்தை ஹெச்சால் வகுத்து, ஹெச்சைப் பூஜ்யத்துக்கு விட்டதும் இரண்டு எக்ஸ் மைனஸ் மூன்று வந்தது.

மேலே தொட்டி நிறைந்து படிக்கட்டில் தண்ணீர் வழிந்தது. மோட்டாரை அணைக்க இருவருமே போகவில்லை.